அப்பா குரல் உயர்த்தியதில்லை

என் தங்கையை ஊரை விட்டுத் தள்ளி வைத்த கூட்டத்தில் தலைமையாக உட்கார்ந்திருந்தவர் எங்கள் அப்பா. கொல்லிமலையில் எங்கள் பழங்குடி ஊருக்கு அப்போது அவர்தான் ஊர்க் கவுண்டர். வரப்புச் சண்டை, கல்யாணம், முறிவு என்று எது வந்தாலும் ஊர் கூடிப் பேசி, கடைசியில் அவர் வாயால் ஒரு வார்த்தை வந்தால்தான் அது முடிவு. தங்கை அடிவாரத்தில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போனவள். அங்கே சென்ட்ரிங் வேலை செய்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு, போனில் எங்களுக்குச் சொன்னாள். அவர் கீழ்நாட்டுக்காரர், வேறு சாதி. அடுத்த வாரமே கூட்டம் போட்டார்கள்.

நான் அப்போது கோயம்புத்தூரில் ஆராய்ச்சி மாணவி. விமர்சனக் கோட்பாடு என்று ஒரு துறை. இனம், பாலினம், எதேச்சாதிகாரம் இவை மூன்றும் ஒன்றோடொன்று எப்படிப் பின்னிக்கொள்கின்றன என்பதுதான் என் ஆய்வு. மனிதர்கள் ஏன் விரும்பிக் கீழ்ப்படிகிறார்கள், கீழ்ப்படிவதற்கு முதலில் எங்கே பழகுகிறார்கள் என்ற அத்தியாயத்தை எழுதிக்கொண்டிருந்தேன். 'வீட்டில்' என்று பதில் எழுதியிருந்தேன். அடிக்குறிப்பு மட்டும் பாக்கி. லேப்டாப்பை மூடிவிட்டுக் கூட்டத்துக்குப் போனேன்.

கூட்டத்தில் பெண்கள் உட்கார மாட்டார்கள். கொஞ்சம் தள்ளிப் பலா மரத்துப் பக்கம் நிற்பார்கள். பேசக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை, ஆனால் யாரும் பேசியதுமில்லை. அம்மாவும் நானும் நின்றோம். அம்மா முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

அப்பா ஒவ்வொருவரிடமும் கேட்டார். அவர் அப்படித்தான். தன் எண்ணத்தை முதலில் சொல்ல மாட்டார். ஒரு சித்தப்பா எழுந்து, "சின்னப் புள்ளைங்க. வயசுக் கோளாறு. ஒருக்கா மன்னிச்சு உட்ரலாங்க" என்றார். இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். அப்பா நினைத்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். ஊர் எதிர்த்திருக்காது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

"நாலு வருசத்துக்கு முந்தி இதே எடத்துல இன்னொருத்தர் ஊட்டுப் புள்ளைக்கு நான் என்ன சொன்னேன்?" என்று கேட்டார் அப்பா. "அதேதானுங்க இதுக்கும். என்ற புள்ளைன்னு மாத்த முடியாது."

அவ்வளவுதான். இனி அவள் ஊர் எல்லைக்குள் வரக் கூடாது. நல்லது கெட்டதுக்கு அழைப்பில்லை. ஊரில் யாரும் அவள் வீட்டில் கை நனைக்கக் கூடாது. அப்பா இதையெல்லாம் மிளகு விலை சொல்கிற குரலில் சொன்னார். கோபம் இல்லை. அவர் வாழ்நாளில் எங்களை அடித்ததில்லை, அதட்டியதுகூட இல்லை. எங்கள் இரண்டு பேரையும் கண்ணு, சாமி என்று கூப்பிடுவாரே தவிர பெயர் சொல்லிக் கூப்பிட்டது குறைவு.

வீட்டுக்கு வந்து கை கால் கழுவினார். அம்மா சாமைச் சோறு போட்டு அவரைக் குழம்பு ஊற்றினார். எப்போதும் போல அவர் சாப்பிட்டு எழுந்த பிறகு நாங்கள் உட்கார்ந்தோம். நானும் சாப்பிட்டேன். உப்பு சரியாக இருந்தது என்பது நினைவிருக்கிறது. அழுகை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. மறுநாள் பஸ் ஏறிக் கோயம்புத்தூர் போய் அடிக்குறிப்பை எழுதி முடித்தேன். நன்றாக வந்திருக்கிறது என்றார் வழிகாட்டி.

அதே வருடம் ஒரு பெரிய நகரத்தில் கருத்தரங்கம். நிறமும் இனமும் பற்றி. பிறரைக் காட்சிப் பொருளாகப் பார்க்கும் பார்வை எப்படி அதிகாரமாகிறது என்று கட்டுரை படிக்க என்னை அழைத்திருந்தார்கள். இரண்டு நாளுக்கு முன் ஏற்பாட்டாளர் ஒருவர் போன் செய்து, "மேடம், முடிஞ்சா உங்க பாரம்பரிய உடையில வாங்களேன். போட்டோ நல்லா இருக்கும்" என்றார். என் பாரம்பரிய உடை எது என்று எனக்குத் தெரியவில்லை. நாமக்கல்லில் வாங்கிய ஒரு பருத்திச் சேலை கட்டிக்கொண்டு போனேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார்.

தேநீர் இடைவேளையில் ஒரு பேராசிரியை என் கையைப் பிடித்துக்கொண்டார். மெய்யாகவே அன்பானவர். "உங்க மக்கள்கிட்ட பெண்களுக்கு நெறைய சுதந்திரம் இல்லையா? பிடிக்கலேன்னா பிரிஞ்சுடலாம், மறுபடி கட்டிக்கலாம்னு படிச்சிருக்கேன். நாங்கதான் உங்ககிட்ட கத்துக்கணும்" என்றார். அவர் சொன்னது பொய் இல்லை. எங்கள் ஊரில் பிரிந்து போய் இன்னொரு கல்யாணம் செய்துகொண்ட பெண்களை யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அதற்குள்தான் இதுவும் இருக்கிறது. தங்கையைப் பற்றிச் சொல்ல வாய் எடுத்தேன். சொன்னால் அவர் முகம் எப்படி மாறும் என்று தெரிந்தது. மலையென்றால் அப்படித்தான் என்று ஆகிவிடும். அவர் ஊரில் வேறு சாதியில் கட்டிக்கொண்ட பிள்ளைகளுக்கு நடப்பதெல்லாம் அந்த நேரத்தில் அவருக்கு நினைவுக்கு வராது. "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு சமோசாவைச் சாப்பிட்டேன்.

தங்கைக்குக் கீழேயும் வாசல் திறக்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா அவளை மலைக்காரி என்றுதான் சொல்வார். முகத்துக்கு நேராகவே, திட்டுகிற மாதிரி இல்லாமல், பெயர் சொல்வது போலச் சொல்வார். அவளுக்குத் தனி டம்ளர் இருந்தது. அவள் தொட்ட தண்ணீர்க் குடத்தை ஒருநாள் மாமியார் வாசலில் கொட்டிவிட்டு வேறு பிடித்து வைத்ததற்குப் பிறகு, மாப்பிள்ளை பாத்திரங்களை எடுத்து ஒரு மூட்டையாகக் கட்டினார். சேந்தமங்கலம் போகிற ரோட்டில் ஒரு ஓட்டு வீட்டுக்கு வாடகைக்குப் போனார்கள்.

"இங்க மலைக்காரி, அங்க கீழ்நாட்டானைக் கட்டுனவ. என்ற பேரே எனக்கு மறந்துரும் போல இருக்குதுக்கா" என்று ஒருமுறை போனில் சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. நான் மட்டும் போய்ப் பார்த்தேன். நான் வெளியூரில் வேலை பார்க்கிறவள் என்பதால் ஊர்க் கட்டு என்மேல் அவ்வளவாக விழவில்லை. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அம்மா அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். அப்பா இருக்கும்போதும் சரி, இல்லாதபோதும் சரி. ஆனால் நான் கீழிருந்து வரும்போதெல்லாம், "அங்கெல்லாம் மழை உண்டா?" என்று கேட்பார். "உண்டுங்கம்மா, ஓடு ஒழுகலை" என்பேன். "சளி கிளி?" என்பார். "இல்லைங்கம்மா, நல்லா நடக்குது" என்பேன். மழையைப் பற்றி இரண்டு பேர் பேசிக்கொள்கிறார்கள் என்று அப்பா கேட்டுக்கொண்டிருப்பார். அவருக்குப் புரிந்திருக்காது என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆராய்ச்சி முடிந்து அடிவாரத்தில் ஒரு கல்லூரியில் எனக்கு வேலை கிடைத்தது. அந்தச் சமயத்தில் அப்பாவுக்கு மூச்சு இரைப்பு ஆரம்பித்தது. மேட்டில் ஏற முடியவில்லை. மிளகுக் கொடிக்கு ஏணி வைப்பதை விட்டார், பிறகு கூட்டத்துக்குப் போவதையும் விட்டார். மகன் இல்லாத வீடு. எங்கள் இருவரையும் அந்த இடத்துக்கு யாரும் நினைத்துப் பார்க்கவில்லை, நாங்களும் நினைத்ததில்லை. பெரிய சித்தப்பாவின் மகன், எனக்குத் தம்பி முறை, ஊர்க் கவுண்டர் ஆனான். பாலிடெக்னிக் படித்தவன், பொறுமையானவன், அப்பாவின் மேல் பக்தி என்றே சொல்லலாம்.

போன வருடம் மழைக்காலம் முடிந்த சமயம் அப்பாவுக்கு உடம்பு மோசமானது. கட்டிலில் சாய்ந்தபடியேதான் இருந்தார். ஒரு மாலை நான் பக்கத்தில் இருந்தேன். "சின்னப் புள்ளையப் பாக்கோணும்" என்றார். யாரைச் சொல்கிறார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

"வரச் சொல்லட்டுங்களாப்பா?"

"உன்ற தம்பியைக் கூப்புடு. கேட்டுட்டுத்தான்."

தம்பி வந்தான். செருப்பை வாசலில் விட்டுவிட்டுக் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தான். அப்பா கேட்டார். அவர் ஒருவரிடம் தனக்காக ஒன்றைக் கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "எனக்கு இனி எத்தனை நாளுன்னு தெரியலை. புள்ளை ஒருக்கா வந்து பாத்துட்டுப் போகட்டும். ஊருல கேட்டுச் சொல்லு."

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அவன் கண் கலங்கியிருந்தது. நடிப்பு இல்லை.

"ஊருல கேக்கறதுக்கு ஒண்ணும் இல்லீங்க பெரியப்பா. எல்லாரும் உங்களுக்காகச் சரின்னுதான் சொல்லுவாங்க. ஆனா அது நீங்க சொன்ன வார்த்தைங்க. பெத்த புள்ளைக்கே மாத்த மாட்டேன்னு நீங்க சொன்னதுனாலதான் இன்னைக்கும் ஊருல நாலு பேர் கூட்டத்துக்குக் கட்டுப்படறாங்க. அதை நான் மாத்துனா அப்புறம் எதைச் சொன்னாலும் நிக்காதுங்க."

"அவ கூட்டத்துல வந்து உழுந்து கும்பிட்டா?" என்றார் அப்பா.

"அவரை உட்டுட்டு வந்து உழுந்தா சேத்துக்கலாங்க. அதுவும் நீங்க வெச்ச மொறைதானுங்க."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. பிறகு மறுபடி கேட்டது.

தம்பி போன பிறகு அப்பாவைப் பார்க்க எனக்குத் தயக்கமாக இருந்தது. உடைந்திருப்பார் என்று நினைத்தேன். அவர் முகம் தெளிந்திருந்தது. "பாத்தியா கண்ணு, எப்படிப் பேசறான். கரெக்டாச் சொல்றான்" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். வாரிசை நல்லபடியாகத் தேர்ந்தெடுத்த நிம்மதி அவர் முகத்தில் இருந்தது. தன் மகளைப் பார்க்க முடியாது என்று ஒருவன் சொல்லிவிட்டுப் போனதில் அவருக்குக் கிடைத்த அந்த நிம்மதியை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இதைப் பற்றி நான் ஒரு அத்தியாயம் முழுக்க எழுதியிருக்கிறேன். அதில் ஒரு வரிகூட அந்த நேரத்தில் எனக்கு நினைவுக்கு வரவில்லை. மாத்திரை எடுத்துக் கொடுத்தேன்.

சில நாளிலேயே மூச்சுத் திணறல் அதிகமாகி ஆம்புலன்சில் நாமக்கல்லுக்குக் கொண்டுபோனோம். வளைவுகளில் இறங்கும்போது அம்மா அவர் தலையை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்தார். நான் தங்கைக்குப் போன் செய்தேன். நாங்கள் போய்ச் சேரும்போது அவள் ஆஸ்பத்திரி வாசலில் குழந்தையோடு நின்றிருந்தாள். ஆஸ்பத்திரி ஊர் எல்லைக்குள் இல்லை. அது எங்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியிருக்க வேண்டும்.

அப்பா கண் திறந்து அவளைப் பார்த்தார். அத்தனை வருடம் கழித்து அவர் சொன்ன முதல் வார்த்தை, "பஸ்ல கூட்டமா சாமி?"

"இல்லீங்கப்பா. எடம் கெடைச்சுது" என்றாள் அவள்.

அங்கே இருந்த நாளெல்லாம் அவள்தான் அவருக்கு எல்லாம் செய்தாள். இட்லியைப் பிட்டு ஊட்டினாள். முதுகு துடைத்துவிட்டாள். நர்சிடம் அப்பா, "என்ற சின்ன மக" என்று சொன்னார். பேத்தியைக் கட்டிலில் ஏற்றி உட்கார வைத்து, அவள் ஆக்சிஜன் குழாயைப் பிடித்து இழுத்தபோது சிரித்தார். மாப்பிள்ளை வேலை முடிந்து சிமென்ட் ஒட்டிய கையைக் கழுவிவிட்டு வந்து கதவோரம் நிற்பார். "வாங்க, உக்காருங்க" என்பார் அப்பா. மாப்பிள்ளை வாங்கி வந்த டீயைக் குடித்தார். கீழே எல்லாம் இயல்பாக இருந்தது. அதுதான் எனக்கு என்னவோ போல இருந்தது. அவர் ஒன்றை மறைத்துக்கொண்டு அன்பாக இருக்கவில்லை. தள்ளி வைத்தவரும் இவரேதான், ஊட்டச் சொல்லி வாய் திறப்பவரும் இவரேதான்.

வராந்தாவில் தங்கை என்னிடம் சொன்னாள், "கோவம் வரும்னு நெனச்சேன்க்கா. வந்தாலாவது பரவால்லை. ஒண்ணுமே வரலை." எனக்கும் அப்படித்தான் என்று சொன்னேன். இருவரும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தோம். அவள் குழந்தையின் தலையில் பேன் பார்த்தாள்.

அப்பா பிழைத்துக்கொண்டார். வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்னார். மாப்பிள்ளையே ஒரு கார் ஏற்பாடு செய்தார். அவர் கீழேயே நின்றுகொண்டார், தங்கை குழந்தையோடு எங்களுடன் மலைமேல் இருக்கும் செம்மேடு வரை வந்தாள். அதுவரை வரலாம், அதற்கு மேல் கூடாது என்று யாரும் சொல்லாமலே கணக்குப் போட்டிருந்தோம். செம்மேடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் வண்டி நின்றது. சந்தை நாள். வாழைத்தார் ஏற்றிய லாரி ஒன்று வழியை அடைத்துக்கொண்டிருந்தது. தங்கை குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். "வாரேங்கப்பா" என்றாள். "பாத்துப் போ கண்ணு" என்றார் அவர்.

அம்மா தன் பக்கத்துக் கதவைத் திறந்தார். குழந்தைக்கு ஏதோ வாங்கிக் கொடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். காலடியில் வைத்திருந்த துணிப்பையையும் எடுத்துக்கொண்டு இறங்கினார்.

"எங்க போற?" என்றார் அப்பா.

"பாப்பா கூட."

அப்பா அந்தப் பையைப் பார்த்தார். "எப்ப வருவ?"

"தெரியலைங்க." அம்மா ஜன்னலுக்குள் கை விட்டு அவர் தோளில் துண்டைச் சரி செய்தார். "மாத்திரை மஞ்சப் பையில இருக்குதுங்க. காத்தால ரெண்டு, பொழுதோட ஒண்ணு. பெரியவ இந்த வாரம் இருப்பா."

"அவ ஊட்டுல நீ கை நனைச்சா..." என்று அப்பா ஆரம்பித்தார். குரல் உயரவில்லை. ஒரு விவரத்தை நினைவுபடுத்துவது போலத்தான்.

"நனைப்பனுங்க" என்றார் அம்மா. "அவ ஆக்கறதைத்தான் திங்கோணும். வேற என்ன பண்றது?"

அவ்வளவுதான் பேச்சு. அழுகை இல்லை. தங்கை என்னைப் பார்த்தாள். அவளுக்கும் முன்னாலேயே தெரியாது. அம்மா குழந்தையை அவளிடமிருந்து வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ரோட்டைத் தாண்டிக் கீழே போகிற பஸ் நிற்கிற பக்கம் நடந்தார். லாரி நகர்ந்தது. அப்பா டிரைவரிடம், "போலாங்க" என்றார்.

ஊர் என்ன செய்யும் என்று நான் காத்திருந்தேன். வைத்த முறைப்படி பார்த்தால் அம்மாவையும் தள்ளி வைக்க வேண்டும். தள்ளி வைக்கப்பட்டவளோடு சேர்ந்து உண்டு உறங்குகிறார். தம்பி கூட்டம் போடவில்லை. யாராவது கேட்டால், "பெரியம்மா கீழ வைத்தியத்துக்குப் போயிருக்காங்க" என்கிறான். கேட்கிறவர்களும், "ஆமாங்க, முட்டி வலின்னாங்க" என்று சேர்த்துக்கொள்கிறார்கள். அம்மாவுக்கு முட்டியில் ஒன்றும் இல்லை. ஒருநாள் தம்பியிடம் நேராகவே கேட்டேன். "ஏன்ப்பா, ஊருல கூட்டம் இல்லையா?"

"அக்கா, நீங்க படிச்சவங்க. உங்களுக்குத் தெரியாததா?" என்றான். "கூட்டம் போட்டா சொல்லியாகோணும். சொல்லிட்டா பெரியம்மா எப்படித் திரும்பி வருவாங்க? அதான் போடறதில்லை."

இதையே தங்கைக்கும் செய்திருக்கலாமே என்று கேட்டேன். "அப்ப பெரியப்பா கூட்டம் போட்டுட்டாருங்களே" என்றான்.

கல்லூரியில் நான் நடத்தும் பாடத்தில் இனம், பாலினம், எதேச்சாதிகாரம் மூன்றும் ஒரு பகுதியாக வருகின்றன. எதேச்சாதிகாரம் என்றால் மேடையில் நின்று கத்துகிற ஒருவர் என்றுதான் பிள்ளைகள் நினைத்துக்கொண்டு வருகிறார்கள். இந்த வருடம் ஒரு பெண் எழுந்து, "மேடம், வீட்டுல அடிக்கவே மாட்டாங்க, ஆனா எல்லாம் அவங்க சொன்னபடிதான்னா, அதுவும் இதுல வருமா?" என்று கேட்டாள். வரும் என்றேன். "அப்ப அவங்க மேல பாசமா இருக்கறது தப்பா மேடம்?" என்றாள். தேர்வுக்கு அது வராது என்று யாரோ பின்னாலிருந்து சொல்ல, வகுப்பு சிரித்தது. தப்பில்லை, உட்காரும்மா என்றேன். மணி அடிக்கும்வரை கரும்பலகையில் எழுதியிருந்ததை விளக்கினேன்.

அப்பா இப்போது தானே சமைக்கிறார். சித்தி சோறு கொண்டுவந்து கொடுத்தால் வாங்கிக்கொள்வார், கேட்க மாட்டார். கோயில் நோன்பு வந்தபோது பங்காளிகளில் மூத்த வீடான எங்கள் வீட்டுப் பொங்கலை அம்மாதான் வைக்க வேண்டும் என்பதால் தம்பி எனக்குப் போன் செய்தான். "பெரியம்மாவை மட்டும் வரச் சொல்லுங்கக்கா. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க." அம்மாவிடம் சொன்னேன். குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"சின்னவளும் அவரும் வந்தா வாரேன்னு சொல்லு."

சொன்னேன். தம்பி யோசித்துச் சொல்வதாகச் சொன்னான். நோன்பு முடிந்துவிட்டது. பொங்கலைச் சித்தி வைத்தார். அப்பா ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார் என்று கேள்விப்பட்டேன். அம்மாவிடம் அதைச் சொன்னபோது, அவர் கம்பளி போட்டிருந்தாரா என்று மட்டும் கேட்டார்.